ஆஃபர் லெட்டரும் ஆரம்பச் சம்பளமும்



கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிவிட்டது. என்னிடம் அஞ்சாப்பு படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறார்கள். "டீச்சர், பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று போன் வரும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அதனால் நான் கீழே எழுதுவதை யாரும் திருஷ்டி போடுவதாக நினைக்க வேண்டாம்.

பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் மகளின் ஆஃபர் லெட்டரோடு வந்தான். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். "மாசம் முப்பதாயிரம் டீச்சர்" என்றான். அந்த முப்பதாயிரத்தை நம்பி, மாடியில் ஒரு அறை எடுக்க ஐந்து லட்சம் கடனுக்கு ஆளும் பார்த்துவிட்டான்.

தாளை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்த 3.6 லட்சத்துக்குப் பெயர் சிடிசி. அதாவது அந்தப் பிள்ளைக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. பல ஆண்டு வேலை பார்த்தால்தான் கைக்கு வரும் பணிக்கொடை, காப்பீட்டுத் தொகை, வேலையைப் பார்த்துத் தரப்படும் 'வேரியபிள்' எல்லாமே அதில் சேர்த்தி. அதன்பிறகு பிள்ளையின் பி.எஃப். பங்கும் தொழில்வரியும் பிடிப்பார்கள். கூட்டிக் கழித்தால் கைக்கு வருவது 24 ஆயிரம் சுமார்.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் சாப்பாட்டோடு ஹாஸ்டலுக்கு எட்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன் 4 லட்சம் இருந்தால், 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு மாதம் 6,600 ரூபாய். இது படித்த காலத்து வட்டியைச் சேர்க்காத கணக்கு. மிச்சம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில்தான் பஸ், போன், துணிமணி, தீபாவளிக்கு ஊர் வந்து போவது எல்லாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஏன் டீச்சர் தாள்ல மொத்தமாப் போடுறாங்க?" என்றான். நல்ல கேள்வி. படிக்கும்போது அவன் இப்படிக் கேட்டதே இல்லை! மாடி அறையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கு 2010 வாக்கிலேயே 3 லட்சத்துக்குச் சற்று மேல்தான் கொடுத்தார்கள். இன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று முதல் நான்குக்குள்தான். நம் வீட்டுப் பெண்களுக்குப் புரிகிற அளவுகோலால் சொல்கிறேன். 2010 தொடக்கத்தில் பவுன் 13 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பவுன் எடுத்து அம்மா கையில் கொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் பவுன் 70 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த விலையிலேயே அதே பவுனுக்கு மூன்று மாதச் சம்பளத்தை முழுதாக வைக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் வெளியே வரும் பொறியாளர்கள் ஏராளம், அந்த முதல் படியில் இருக்கும் வேலையோ அளவானது. சம்பளம் அங்கேயே நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆனால் எல்லாருக்கும் அதே படி இல்லை என்பதுதான் பெற்றோருக்குத் தெரியாத சங்கதி. டிசிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று மூன்று வாசல்கள். நிஞ்ஜாவுக்கு 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு 7 லட்சம் சுமார், பிரைம் அதற்கும் மேல். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே சிஜிபிஏ உள்ள இரண்டு பேர் வேறு வேறு வாசலில் நுழையலாம். நுழைவுத் தேர்வில் கோடிங் கணக்குகளை எவ்வளவு தூரம் போட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். இன்ஃபோசிஸிலும் சிஸ்டம் இன்ஜினியர் ஒரு வாசல், ஸ்பெஷலிஸ்ட் புரோகிராமர் இன்னொரு வாசல்.

ஆரம்பப் படி எவ்வளவு முக்கியம் என்று ஆசிரியர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 11,170. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 8,000. அதே ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், அதே ஒன்றாம் வகுப்பு, அதே அ, ஆ. நான் முந்தி சேர்ந்தவள், தப்பித்தேன். என் பக்கத்து வகுப்பு எடுத்த தங்கச்சி தப்பிக்கவில்லை. 3,170 ரூபாய்தானே என்று சொன்னார்கள். ஆண்டு உயர்வு 3 சதவீதம் என்பதால் சின்னச் சம்பளத்துக்குச் சின்ன உயர்வு. 2017 ஊதியத் திருத்தத்தில் பழைய அடிப்படையை 2.57-ஆல் பெருக்கியபோது அந்த 3,170 எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் சென்னையில் உட்கார்ந்த உண்ணாவிரதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஐ.டி.யில் உயர்வும் சதவீதக் கணக்கில்தான். ஒரு ஆறுதல், அங்கே இரண்டு மூன்று ஆண்டில் வேறு கம்பெனி மாறிப் படியைத் தாண்டலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே பிள்ளையிடம் "எந்த கம்பெனி வருது" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த ரோலுக்குத் தயாராகிறாய்" என்றும் கேளுங்கள். தினம் ஒரு மணி நேரம் கோடிங் போட்டுப் பழகக் காசு வேண்டாம். இறுதியாண்டில் அவசரமாக அறுபதாயிரம் கட்டிச் சேரும் கோர்ஸ்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆஃபர் லெட்டர் வந்ததும் வேலை வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் என்று சொல்லி வைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2022-ல் தேர்வு செய்த பிள்ளைகளில் பலர் 2024 கடைசியில்தான் உள்ளே போனார்கள். அவர்களில் 300 பேருக்கு மேல், மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் யாராவது மாடி அறைக்குக் கடன் பேசியிருப்பார்கள். சேரும் தேதி, பயிற்சிக் காலத் தேர்வு, பாண்டு எத்தனை ஆண்டு, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் — கையெழுத்துக்கு முன்னால் இந்த நான்கையும் தேடிப் படியுங்கள். இங்கிலீஷ் பொடி எழுத்தாக இருந்தால் பிள்ளையையே வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

புரியாவிட்டால் தாளைக் கொண்டு வாருங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் அபிராமி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவேன். மற்ற நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.