பெயர் மாறிய படகுகள்

நாவல் எழுதுகிறவனுக்குப் பெரிய தொல்லை, பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பது. அதைவிடப் பெரிய தொல்லை, வைத்த பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது. தொடர்கதை ஒன்றில், பதினோராவது அத்தியாயத்தில் கோமதியை மைதிலி என்று எழுதிவிட்டேன். "பெயர் மாறினால் ஆளே மாறின மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று ஓர் அம்மாள் கடிதம் போட்டிருந்தார்.

'வெறும் பெயர்தானே, அம்மா' என்று பதில் எழுத உட்கார்ந்தேன். மேஜையின் மேல், சீனாவின் யாங்ஸி நதியில் ஓடிய ஜப்பானியப் பீரங்கிப் படகுகளைப் பற்றிய புத்தகம் திறந்து கிடந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

ஸேடா, ஹோஸு, உஜி: இவை அந்தப் படகுகளின் பெயர்கள். மூன்றும் ஜப்பானில் ஓடும் ஆறுகளின் பெயர்களுந்தான். அதிலும் ஒரு வேடிக்கை: பிவா ஏரியிலிருந்து ஸேடாவாகப் புறப்படும் ஆறு, சற்றுக் கீழே போனதும் உஜி ஆகிவிடுகிறது!

ஸேடாவும் ஹோஸுவும் 1923-ல் கட்டி முடிந்தவை. எடை 350 டன்னுக்கும் குறைவு. மணல் திட்டுகள் நிறைந்த நதியில் தரைதட்டாமல் போகவேண்டும் அல்லவா? இடுப்பளவுத் தண்ணீரே அவற்றுக்குப் போதும். ஆற்றுக்கென்று செய்த அந்த உடம்பு கடல் அலையைத் தாங்காது. ஆகவே, ஜப்பானில் பாகம் பாகமாகச் செய்து, கப்பலேற்றிக் கொண்டுபோய், ஷாங்காயிலும் ஹாங்கோவிலும் பூட்டினார்கள். தங்கள் வியாபாரிகளைக் காப்பதற்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் அதையே சொல்லித் தங்கள் படகுகளை அங்கே ஓட்டினார்கள். 1937-ல் யுத்தம் மூண்டதும், ஜப்பானியப் படகுகள் சீனர்களின் கரையை நோக்கியே சுட்டன.

1941 டிசம்பர் 8, விடியுமுன் ஷாங்காயில் பிரிட்டிஷ் படகான பெட்ரல் சரணடைய மறுத்தது, மூழ்கடித்தார்கள். சொற்ப ஆட்களே இருந்த அமெரிக்கப் படகு வேக், ஜப்பானியர் கையில் சிக்கித் 'தாதாரா' ஆயிற்று. யுத்தம் முடிந்து சீனருக்குப் போனபோது அதுவே 'தாய்யுவான்'.

உஜியின் கதையும் அப்படித்தான். சீனரிடம் போய்ச் 'சாங்ஜி' ஆயிற்று. 1949-ல் மாலுமிகளே கலகம் செய்து கம்யூனிஸ்டுகள் பக்கம் கொண்டுபோனதும் 'நான்சாங்' ஆயிற்று.

இரும்பு அதே இரும்பு. ஆனால் கரையில் நின்றவனை நினைத்துப் பார்த்தேன். தன் நதியில் அயலான் நதியின் பெயர் மிதந்து போவதை எத்தனையோ வருஷம் பார்த்தவன். ஒரு நாள் அதே படகில் தன் நாட்டு ஊரின் பெயர்! பீரங்கி பீரங்கிதான், பயம் தீர்ந்திருக்குமா, தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படித்திருப்பான் என்றே தோன்றுகிறது.

அந்த அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த அத்தியாயத்தில் கோமதி திரும்பி வந்துவிட்டாள்.