நான் விற்ற இடம்

பட்டம் பெற்ற புதிதில், ஆவடிப் பகுதி ஆங்கிலப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்தேன். 2006 மே மாதம் விண்ணப்பப் படிவங்களைக் கையில் திணித்து, "பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் கோடைச் சம்பளம்" என்றனர். பூந்தமல்லி வரை வீடுவீடாக அலைந்தேன். ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவரிடம், "தவணையில் கட்டலாம், பாய்" என்றேன். தவணை கிடையாதென்பது எனக்குத் தெரியும். டிசம்பரில் அவருடைய மகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். உள்ளே நான் வருகைப் பதிவு எடுத்தேன்.

ஜப்பானில் 'நோவா' என்னும் பெரும் ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் 2007 அக்டோபரில் நொடித்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஊதியமின்றித் தவித்தனர். முன்பணம் கட்டிய மாணவர்களும் நஷ்டப்பட்டனர். கல்வி சரக்கானால் இரு தரப்புக்கும் இழப்பே.

இன்று மதரஸாவில், உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி தரவேண்டும் எனப் போதிக்கும்போதெல்லாம், கூலிக்காகப் பொய்யுரைத்த என் நாவே நினைவுக்கு வருகிறது. பெற்றோர்களே, வாசல் தேடி வரும் ஆசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; கட்டண விவரத்தை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.