நீர் நின்ற சுவர்

விற்பதென்று முடிவான வீட்டைச் செப்பனிடுவதில் ஒரு விந்தை உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குடியிருந்தபோது பொறுத்துக்கொண்ட குறைகளை எல்லாம், இனிக் குடியிருக்கப் போவதில்லை என்றான பிறகு விரைந்து சரிசெய்கிறோம். சொட்டிக்கொண்டே இருந்த குழாய்க்குப் புது வாஷர் கிடைக்கிறது. கிறீச்சிட்ட கொல்லைக் கதவுக்கு எண்ணெய் கிடைக்கிறது. மொட்டைமாடியில் கிடந்த உடைந்த நாற்காலிகளும் பழைய பெயின்ட் டப்பாக்களும் காயலான் கடைக்குப் போகின்றன. நமக்கென்று செய்துகொள்ளாததை முகமறியாத ஒருவருக்காகச் செய்கிறோம். இதில் விருந்தோம்பலும் இருக்கிறது, வாணிகமும் இருக்கிறது. இவ்விரண்டும் எவ்விடத்தில் பிரிகின்றன என்பதை, மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் வீட்டை விற்க முனைந்தபோது நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

1996இல் அந்த வீட்டில் குடிபுகுந்தோம். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அந்நாளில் மனை வாங்கியவர்களில் பலர் எங்களைப் போன்ற மாத ஊதியக்காரர்கள். நகரத்துக்குள் வாங்க வசதியில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் இருந்தது. நிலத்தடி நீர் இனித்தது. வேறென்ன வேண்டும்? இப்போது என் துணைவியாரின் முழங்கால் படியேற மறுக்கிறது. சேலையூரில் மகள் வீட்டருகே, மின்தூக்கி உள்ள அடுக்ககம் ஒன்றில் சிறிய வீடு பேசியிருந்தோம். பழைய வீட்டுக்குக் கிடைக்கும் தொகைதான் புதிய வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய தொகை. இடையில் வேறு கையிருப்பு எதுவும் இல்லை.

தரகர் அனுபவசாலி. வந்த முதல் நாளே வீடு முழுவதும் சுற்றிப் பார்த்துப் பல யோசனைகள் சொன்னார். வாசலில் செருப்புகள் சிதறிக் கிடக்கக் கூடாது. மருந்துப் புட்டிகளைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும்; நோயாளி இருந்த வீடு என்று தோன்றிவிடும். எல்லா விளக்குகளையும் போட்டு வைக்க வேண்டும். பார்க்க வருவோரைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்ல வேண்டும். மாலையில் கொசு வந்துவிடும். கூடத்தில் உள்ள திரு இருதயப் படத்தைச் சில வாரங்களுக்குக் கழற்றி வைத்தால் எல்லாச் சமயத்தாரும் தயக்கமின்றி வருவார்கள் என்றும் பணிவோடு சொன்னார். "விக்கிற வரைக்கும் இது எங்க வீடுதானே, தம்பி" என்றார் என் துணைவியார். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

கடைசியாக மாடிப்படியின் அடியில் நின்றார். "சார், எல்லாத்துக்கும் முன்னாடி இந்தக் கோட்டை எடுத்திருங்க. இது தெரிஞ்சா பத்து லட்சம் குறையும்" என்றார்.

2015 வெள்ளத்துக்குப் பின் வீட்டின் மற்றச் சுவர்களுக்கெல்லாம் இருமுறை வண்ணம் அடித்தாயிற்று. படிக்கட்டின் கீழே, பழைய பெட்டிகள் இருந்த மூலை மட்டும் விட்டுப்போயிற்று. அங்கே தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், மட்டப்பலகை வைத்து இழுத்தாற்போல், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்தில் நின்று, பிறகு வடிந்தது.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் நாங்கள் மூழ்கினோம் என்றே வெளியூரில் உள்ளோர் பலர் இன்றும் எண்ணுகின்றனர். அவ்வேரியின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரோ அதற்கு முன்பே, ஆறு வரும் வழியில் இருக்கிறது. எங்களைச் சூழ்ந்தது ஆதனூர் முதலான ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். அதற்கு முன்பு நவம்பர் நடுவிலும் ஒருமுறை எங்கள் பகுதியில் படகு வந்திருந்தது. பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள்; மூடிய கால்வாய்கள் அமைத்தார்கள்; பயனும் இருந்தது. ஆயினும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி நீரில் நின்றது. எங்கள் வீட்டு வாசற்படியோடு அது திரும்பிவிட்டது என்பது எங்கள் நல்லூழ்.

தரகரின் வாதம் எளியது. "தெருவில் எல்லாரும் பெயின்ட் அடிச்சுத்தான் வித்தாங்க. முடிச்சூர்ல வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும். வாங்குறவங்க விசாரிச்சுக்கட்டுமே. நாம பொய் சொல்லலையே." இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் இது மிகப் பழைய வாதம். கி.மு. 44இல் உரோமை அறிஞர் சிசரோ தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், வீடு விற்பவன் ஒருவனை எடுத்துக்கொண்டு இதையே விவாதிக்கிறார். அறைகளில் பாம்பு வரும், உத்திரங்கள் உளுத்தவை என்பது விற்பவனுக்கு மட்டுமே தெரியும். அவன் சொல்ல வேண்டுமா? வாங்கச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார் ஒரு தத்துவ அறிஞர். தெரிந்தே ஒருவனைத் தவறவிடுவது, வழிதெரியாதவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிடக் கொடியது என்கிறார் மற்றவர்.

அதே நூலில் வீட்டை அழகுபடுத்திக் காட்டுவது பற்றியும் ஒரு கதை உண்டு. சிரக்கூசா நகரில் வட்டிக்கடைக்காரன் ஒருவன், தன் தோட்டத்தை வாங்க விரும்பிய உரோமைச் செல்வரை விருந்துக்கு அழைத்தான். ஊர் மீனவர்களையெல்லாம் அன்று தன் தோட்டத்தின் முன்னே படகு விடச் சொல்லியிருந்தான். ஒவ்வொருவனும் மீனைக் கொண்டுவந்து அவன் காலடியில் கொட்டினான். மயங்கிய செல்வர் கேட்ட விலையைக் கொடுத்தார். மறுநாள் ஒரு படகும் இல்லை. அங்கே மீனவர் வருவதே வழக்கமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். காலை பத்து மணிக்கு வரச் சொல்வதும் இந்தப் படகுகளுக்குத் தூரத்து உறவோ என்று எனக்கு ஓர் ஐயம். ஆனால் கொசு தாம்பரம் முழுவதற்கும் பொது. அதை எவரும் அறியாமல் வாங்குவதில்லை.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா, சிசரோவின் இப்பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு பாகுபாடு செய்கிறார். ஒரு கண் இல்லாத குதிரையை விற்பவன், விலையைத் தக்கபடி குறைத்தால், அந்தக் குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அது பார்த்தாலே தெரியும். கேடு விளைக்கும் மறைந்த குறையையோ சொல்லியே ஆக வேண்டும். தெருவில் நின்று முழங்க வேண்டாம். வாங்க வருபவரிடம் சொன்னால் போதும். நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததும் விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தாமல் விடுவது மோசடி. வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும்; தண்ணீர் நின்ற உயரம் தெரியாது.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தக் கோடு சுவரில் இருக்கும் வரை அது ஒற்றைக்கண் குதிரை. மட்டி பூசி வண்ணம் அடித்த அந்த மணியிலிருந்து அது மறைந்த குறையாகிவிடுகிறது. குறை அதேதான்; தூரிகை அதன் இயல்பை மாற்றிவிடுகிறது. என் துணைவியார் இத்தனை நூல் படிக்கவில்லை. 2015இல் பக்கத்து வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு எங்கள் மாடிக்குத் தூக்கி வந்த இரவை நினைத்துக்கொண்டு, "வர்றவங்க வீட்டுல கைக்குழந்தை இருந்தா என்னங்க பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வண்ணம் அடித்தோம். படிக்கட்டின் கீழ்ச்சுவரை விட்டுவிட்டோம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார்; ஆனால் எங்களை விட்டுப் போய்விடவில்லை.

முதலில் ஓர் இளம் தம்பதியர் வந்தனர். கார் நிற்குமா, சமையலறை தென்கிழக்கா என்று கேட்டனர். நான் கோட்டைக் காட்டினேன். நன்றி சொல்லிச் சென்றனர். பிறகு அழைப்பு இல்லை. அடுத்து வந்தவர் கோட்டைக் கண்டதும் உற்சாகமாகி, நாங்கள் கேட்டதில் கால் பங்கைக் குறைத்துக் கேட்டார். உண்மை சொல்பவன் அவசரத்தில் இருக்கிறான் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மூன்று மாதங்கள் கடந்தன. சேலையூர்க்காரர் இருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். அந்நாள்களில் இரவில் எழுந்து படிக்கட்டின் அருகே நின்று அந்தச் சுவரைப் பார்த்ததுண்டு. ஒரு லிட்டர் வண்ணமும் அரை நாள் கூலியும் போதும்.

ஆடியில் ஒரு குடும்பம் வந்தது. மகன் கூடத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். அவருடைய தாயார் எதையும் அளக்கவில்லை. சுவிட்சுப் பலகைகளைப் பார்த்தார். வெள்ளத்துக்குப் பின் அவற்றையெல்லாம் ஐந்தடிக்கு ஏற்றியிருந்தோம். குளிர்பதனப் பெட்டி சிமென்ட் திண்டின்மேல் நிற்பதைப் பார்த்தார். நான் கோட்டைக் காட்டுமுன்பே, "எவ்வளவு நின்னுது, ஐயா?" என்று கேட்டார். காட்டினேன். "முன்னாலேர்ந்து வந்துச்சா, கொல்லையிலேர்ந்தா?" என்றார். என் துணைவியார் அவரைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, எந்தப் பக்கத்துச் சுவரை மீறி எத்தனை மணிக்கு வந்தது என்று விளக்கினார். இருவரும் அரைமணி நேரம் அங்கேயே பேசிக்கொண்டிருந்தனர்.

விலை எட்டு லட்சம் குறைந்தது. அந்தத் தொகைக்கு அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது: ஜாக்கிகளை அடியில் கொடுத்து வீட்டையே நான்கடி உயர்த்துவது. சென்னைப் புறநகர்களில் இப்போது இது புதிதன்று. அரியானாவிலிருந்து இத்தொழில் அறிந்தவர்கள் வந்து செய்கிறார்கள். எங்களுக்கோ அந்த எட்டு லட்சம் பெரிய பள்ளம். மகளிடம் பாதி கடன் வாங்கினோம். மீதிக்கு நகைகள் போயின.

ஒப்பந்தம் எழுதுகையில் அந்த மகன், 2015இல் நீர் நின்ற உயரத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்றார். வீட்டை உயர்த்துவோருக்குக் காட்டத் தேவைப்படுமாம். இப்படியொரு வாசகத்தைத் தம் அனுபவத்தில் எழுதியதில்லை என்றார் பத்திர எழுத்தர். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மூன்றரை அடின்னு போடவா, நாலுன்னு போடவா?" என்று கேட்டார்.

"மூன்றரை" என்றோம், நானும் அந்தத் தாயாரும்.