உப்புநீர் நீச்சல் குளத்தின் முதல் மாதம்

உப்புநீர் நீச்சல் குளத்தில் இருப்பது கடல்நீர் அல்ல. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு; இந்தக் குளத்துக்கு 3 முதல் 3.5 கிராம் போதும். நாக்கில் பட்டும் படாமலும் தெரிகிற அளவு. பம்ப் அறையில் பொருத்தியிருக்கும் மின்பகுப்புக் கலத்துக்கு இந்த உப்புதான் மூலப்பொருள். கலத்தின் டைட்டானியத் தகடுகளில் மின்சாரம் பாயும்போது உப்பிலுள்ள குளோரைடு குளோரினாகிறது. கிருமிகளைக் கொன்றபின் பெரும்பாலும் குளோரைடாகவே திரும்பிவிடுகிறது. மணலியில் காஸ்டிக் சோடா ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதே வினைதான். அங்கே குளோரினையும் காரத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறார்கள். குளத்தில் இரண்டும் ஒரே தண்ணீரில் கலக்கின்றன.

புதுக் குளத்துக்கு முதல் வேலை, நிரப்பப்போகும் தண்ணீரைச் சோதிப்பது. எந்த ஊரிலும் செய்ய வேண்டியதுதான்; இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் பாசனத்துக்கும் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்ததில், கடல்நீர் உள்ளே புகுந்தது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே இங்கே பல போர்வெல்களில் வருவது ஏற்கெனவே உப்பேறிய, கடினத்தன்மை மிகுந்த தண்ணீர். மெட்ரோ வாட்டர் இணைப்பில் வருவது வேறு வகை. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் வடசென்னைக்குத்தான் முதலில் வந்தது. சவ்வு வழியாக வடிகட்டிய நீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குழாயை அரிக்காதிருக்க அதைச் சேர்த்தே அனுப்புவது வழக்கம் என்றாலும், குளத்தின் தேவைக்கு அது போதாமல் இருக்கலாம். லாரித் தண்ணீரைப் பற்றி முன்கூட்டி எதையும் சொல்வதற்கில்லை. ஒரே நாளில் வரும் இரண்டு லாரிகள் ஒரே இடத்தில் நிரப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு லோடையும் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதிப்பதே சரி.

இதன் விளைவு கணக்கில் நன்றாகத் தெரியும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளம் 70,000 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 3.2 கிராம் என்றால் 224 கிலோ உப்பு, அதாவது 50 கிலோ மூட்டை நாலரை. போர் தண்ணீரில் ஏற்கெனவே 0.9 கிராம் உப்பு இருந்தால் 161 கிலோவே போதும். சோதிக்காமல் நாலரை மூட்டையையும் கொட்டிவிட்டால், கூடிய உப்பை எடுக்க ஒரே வழி கால் பங்குத் தண்ணீருக்குப் பக்கத்தில் வெளியேற்றி நல்ல தண்ணீர் விடுவதுதான். தண்ணீருக்குக் குடம் குடமாக வரிசை நின்ற ஊரில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வரக் கூடாது. உப்பை அளக்கச் சாதாரண டிடிஎஸ் கருவியை மட்டும் நம்புவதும் தவறு. கரைந்திருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அது சேர்த்தே காட்டும். சில்வர் நைட்ரேட் சொட்டுச் சோதனை குளோரைடைத் தனியே சொல்லும்.

நிரப்பத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய மட்டத்தில் சுவரில் வளையமாகக் கறை நிற்கும். ஹோஸின் வாயில் துணியைச் சுற்றி ஆழமான இடத்தில் வைத்தால், விழும் தண்ணீர் புதுப் பூச்சைத் தோண்டாது.

பிறகு வருவது பொறுமை கேட்கும் கட்டம். புதுச் சிமென்ட் பூச்சு தண்ணீருக்குள் இருந்தபடியே இறுகுகிறது. இறுகும்போது சுண்ணாம்பை வெளிவிடுகிறது. தண்ணீரின் பிஹெச் ஏறும், தரையில் வெள்ளைத் தூள் படியும். பம்ப் முதல் சில நாட்கள் இரவும் பகலும் ஓட வேண்டும், சுவரையும் தரையையும் காலை மாலை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், பிஹெச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க, தினமும் அளந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் விட வேண்டும். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றலாம். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் ஒரே மூலையில் வைப்பதும் ஆபத்து. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இந்தக் கட்டத்தில் உப்பு போடுவதில்லை. இறுகாத பூச்சை உப்பு கெடுக்கும் என்பதால் சுமார் 28 நாள் காத்திருந்து, அதுவரை திரவ குளோரின் கொண்டே தண்ணீரைக் காப்பது நல்ல நடைமுறை. முழுக்க டைல்ஸ் ஒட்டிய குளமானாலும் இடுக்குகளில் இருப்பது பெரும்பாலும் சிமென்ட்தான். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றில் வந்து விழுவதால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அழுத்தமானியைப் பார்த்து பேக்வாஷ் செய்ய வேண்டும்.

தண்ணீரைச் சமன் செய்வதில் முதலில் காரத்தன்மை. பிஹெச் சட்டென்று ஏறி இறங்காமல் பிடித்து வைப்பது அதுதான். உப்புநீர்க் குளத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. கலம் இயங்கும்போது பிஹெச் தானாகவே ஏறும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். குறைந்தால் ஆப்பசோடா: ஒரு லட்சம் லிட்டரில் 10 மில்லிகிராம் உயர்த்த சுமார் 1.7 கிலோ பிடிக்கும். அடுத்தது சுண்ணாம்புக் கடினத்தன்மை, 200 முதல் 400 வரை. குழாய்த் தண்ணீரில் அது குறைந்தால் கால்சியம் குளோரைடு சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் பசித்த தண்ணீர் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பைத் தின்னும். போர் தண்ணீரில் கூடினால் தகடுகளில் வெள்ளைப் படிவு கட்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் லாங்கலியர் 1936இல் நகரக் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்த குறியீடு, இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்று சொல்கிறது. சூடு கூடக் கூடப் படிவும் கூடும் என்பதால், சித்திரை வெயிலில் பிஹெச்சைச் சற்றுக் கீழே வைப்பது சரி. அதே வெயில் காப்பில்லாத குளோரினைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். குளத்துக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்று சொல்லும் சயனூரிக் அமிலத்தை 60 முதல் 80 வரை வைப்பது இதற்காகத்தான்.

கடைசியில் உப்பு. காசிமேட்டில் கருவாட்டுக்குப் போடும் கல்லுப்பு வேண்டாம். உப்பள மண்ணும் இரும்பும் மக்னீசியமும் அதோடு வரும், இரும்பு தரையில் பழுப்புக் கறை விடும். அயோடினும் கட்டிபடாமல் தடுக்கும் சேர்மானமும் இல்லாத, 99 சதவீதத் தூய்மையுள்ள உப்பே ஏற்றது. கலத்தை அணைத்து, பம்பை ஓடவிட்டு, கணக்கில் வந்ததில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் குளத்தைச் சுற்றித் தூவித் தேய்க்க வேண்டும். ஒரு நாள் கழித்து அளந்து, மீதியைப் போட்டு, அதுவும் முழுவதும் கரைந்தபின் கலத்தை ஓட்டலாம். குளோரின் அளவு நிலைப்படும்வரை தினமும், பிறகு வாரம் இருமுறை சோதனை போதும்.

உப்பு ஆவியாவதில்லை, வெயிலில் குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீர் விட்டு ஈடுகட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் வழியும்போதுதான் உப்பு வெளியேறும். மழை ஓய்ந்ததும் அளந்து அந்த அளவுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். வழிந்த நீரையும் பேக்வாஷ் நீரையும் மழைநீர் சேகரிப்புக் குழியில் விடக் கூடாது. கடல் ஏற்கெனவே உப்பேற்றிய நிலத்தடியில் இன்னும் உப்பை இறக்குவதாகிவிடும். கழிவுநீர் வடிகாலுக்குத் தனிக் குழாயைக் குளம் கட்டும்போதே போட்டுவிட வேண்டும். பின்னால் தரையை உடைத்துப் போடுவது பெருஞ்செலவு.