கழற்றத் தோன்றாத மிதவைச் சட்டை

கலகெதர ஊடாகப் போகும் ஏ10 வீதி கட்டுகஸ்தோட்டையில் தொடங்கி, குருநாகலைத் தாண்டி, புத்தளத்தில் போய் முடிகிறது. மலைநாட்டில் குடியிருந்துகொண்டு கடலில் கயாக் ஓட்டுகிற எனக்கு இந்த வீதி ஒரு கொடுப்பினை. புத்தளத்துக்குச் சற்றுத் தெற்கே பாலாவியில் திரும்பினால் கற்பிட்டிக் களப்பு. கயாக் பழக வேண்டும் என்று ஊர் இளைஞர்கள் வந்து கேட்டால் நான் படகைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. படகை யாரிடமும் இரவல் வாங்கலாம். மிதவைச் சட்டை அவரவர் உடம்புக்கென்று இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பலர் முதன்முதலாக அதைப் போட்டுப் பார்ப்பது கித்துல்கலவில், களனி கங்கையில் ரப்பர் படகு விடும் இடத்தில். அந்தச் சட்டை பருமனாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு: பாறையில் அடிபட்டு நுரைக்கும் நீரில் காற்றுக் கலந்து அடர்த்தி குறைவதால், அந்த நீர் உடம்பைத் தாங்குவதும் குறைகிறது. அதே சட்டையைக் கடல் கயாக்குக்குக் கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் உதைக்கும். துடுப்பு வலிக்கும்போது அக்குளில் உராயும். முதுகுப் பகுதி இருக்கையின் சாய்வில் இடித்து முழுச் சட்டையையும் காதுவரை மேலே தள்ளும். கயாக்குக்கு வேண்டியது இடுப்புக்கு மேலேயே முடிகிற குட்டைச் சட்டை. கைத்துளை அகலமாக, முதுகின் கீழ்ப்பக்கம் மெல்லியதாக இருக்க வேண்டும்.

உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லாத சட்டையை நான் கையிலும் எடுப்பதில்லை. ஐஎஸ்ஓ 12402 என்ற தரத்தில் 50, 100, 150, 275 என்று நிலைகள் உண்டு. கயாக்காரர் போடுவது பெரும்பாலும் 50. எழுபது கிலோவுக்கு மேற்பட்டவருக்கு அது 50 நியூட்டன் மிதப்பு, அதாவது ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் வலு. கேட்கச் சின்னத் தொகையாக இருக்கும். ஆனால் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கை நீரே சுமந்துவிடுவதால், நினைவோடு இருக்கும், நீந்தத் தெரிந்த ஒருவரின் தலையை மேலே வைத்திருக்க அது போதும். மயங்கிக் கவிழ்ந்து கிடப்பவரை அது மல்லாத்திப் போடாது. அந்த வேலை கழுத்துப்பட்டை வைத்த உயிர்காப்பு அங்கியுடையது.

அப்படியானால் பெரியதையே போட்டால் என்ன என்று கேட்பார்கள். கயாக் கவிழ்ந்தவருக்கு ஒரே வேலைதான்: படகுக்குத் திரும்ப ஏறுவது. தண்ணீரில் கிடந்தபடி கால்களை உதைத்து, நெஞ்சைப் படகின் மேல் இழுத்துப் போட்டு, கவிழ்ந்து படுத்தவாறே திரும்ப வேண்டும். நெஞ்சில் தடித்த நுரைக்கட்டை இருந்தால் படகின் விளிம்பு அதில்தான் தட்டும். காற்றடைத்து விரியும் அங்கியும் இங்கே கைகொடுக்காது. கவிழ்ந்த நொடியில் தானாக ஊதிப் பெருத்தால் ஏறவே முடியாது. மிதக்க வைப்பது பாதி வேலை. ஏற விடுவது மற்றப் பாதி. முன்பக்கம் தட்டையான சட்டையைத் தேடச் சொல்கிறேன்.

சட்டைப் பைகளில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சோளகக் காற்று சொல்லித்தரும். அது களப்பில் பலமாக வீசும் மாதங்களில், கைவிட்ட வெறும் கயாக் ஒரு நீச்சல்காரரைவிட விரைவாக ஓடிப்போகும். படகில் கட்டி வைத்த எதுவும் அப்போது உங்களுடையது அல்ல. ஆகவே ஊதல், நீர்புகா உறையில் கைத்தொலைபேசி, மழுங்கிய முனையுள்ள சிறு கத்தி மூன்றும் உடம்பில் இருக்க வேண்டும். களப்பில் வலைகள் நிறைய. நரம்பு வலையில் கால் சிக்கினால் அந்தக் கத்திதான் துணை. அதற்கு மேல் பைகளை நிரப்பினால் நெஞ்சு மறுபடி பருத்துவிடும். நிறம் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். கயாக்கில் இருப்பவர் நீரோடு நீராகத் தாழ்ந்து இருக்கிறார். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டி விரைந்து வரும் ஃபைபர் படகுக்காரருக்கு வெயில் மினுங்கும் நீரில் நீலச் சட்டை தெரியாது.

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திப் போட்டு, முதலில் இடுப்பு, பிறகு விலா, கடைசியில் தோள் என்ற வரிசையில் இறுக்குங்கள். இன்னொருவரைத் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவல்ல. பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்பு வலிப்பதுபோல் இரு பக்கமும் உடம்பைத் திருப்புங்கள். கடைக்காரர் பார்ப்பாரே என்று கூச வேண்டாம். பெண்கள் நெஞ்சுப் பகுதி வளைத்துத் தைத்த வடிவங்களைக் கேட்டு வாங்கலாம். தட்டைப் பலகைபோல் தைத்ததை இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் மேலேறும்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நிற்கும் இலவ மரத்துக்கும் இந்தச் சட்டைக்கும் பழைய உறவு உண்டு. 1854இல் பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்காக கப்டன் வார்ட் தக்கைச் சட்டையை வடிவமைத்தார். 1861இல் விட்பி துறைமுகத்தில் புயலில் கவிழ்ந்த படகில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். பிழைத்த ஒரே ஒருவரான ஹென்றி ஃபிறீமன் அந்தத் தக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். 1904இல் தக்கையின் இடத்துக்கு இலவம் பஞ்சு வந்தது. உள்ளே குழாயாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும் அந்த இழை தன் எடையைப்போல் பல மடங்கைத் தாங்கும். ஆனால் நசுங்கினால், எண்ணெய் பட்டால், அதன் வலு போய்விடும். இன்றைய மூடிய அறை நுரைக்கும் நசுங்குவது ஆகாது. கரையில் சட்டையைச் சுருட்டி அதன்மேல் உட்காருபவரைக் கண்டால் நான் எழுப்பிவிடுகிறேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கற்பிட்டியின் நண்பகலில் பலர் சட்டையின் பூட்டைத் திறந்து விடுகிறார்கள், சிலர் கழற்றிப் படகின் பின்னால் செருகுகிறார்கள். செருகிய சட்டையைக் கவிழ்ந்த பின் போடுவது மிகக் கடினம். ஆகவே 70 நியூட்டன் சட்டை புழுங்கி எடுக்கிறது, 50 நியூட்டன் சட்டை நாள் முழுக்க உடம்பில் இருக்கிறது என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். உள்பக்கம் வலைத்துணி வைத்தது இன்னும் நல்லது.

பிள்ளைகள் விடயத்தில் இந்த விட்டுக்கொடுப்பு எதுவும் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானதை நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது. நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் கழுத்துப்பட்டையும் கவட்டுப்பட்டியும் உள்ள, அதன் எடைக்கு அளவான அங்கிதான் வேண்டும். வளர்ந்து சரியாகிவிடும் என்று பெரிதாக வாங்கினால் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, அகன்ற தோள் உள்ள கொழுவியில் நிழலில் தொங்கவிடுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்கொரு தடவை ஒரு சோதனை: கடைத் தராசின் 5 கிலோ இரும்புப் படிக்கல்லைச் சட்டையில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் விடுங்கள். இரும்பு நீருக்குள் கிட்டத்தட்ட 4.4 கிலோதான் நிறுக்கும். 50 நியூட்டன் சட்டை அதைத் தாங்கி மிதந்தே ஆக வேண்டும். அமிழ்ந்தால், அல்லது தோள் துணி வெளிறி நகத்தால் கீறும்போதே நூல் பிரிந்தால், பட்டிகளை வெட்டிவிட்டு எறியுங்கள். முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவார்கள்.