கேமிங் லேப்டாப்பின் சூடு

விளையாடும் நேரத்தில் கேமிங் லேப்டாப்பின் ப்ராசஸர் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாவது இயல்பு. வெப்பநிலை காட்டும் மென்பொருளை முதன்முறை திறந்து 92 என்ற எண்ணைப் பார்ப்பவர் பதறிவிடுகிறார். பதற்றம் நியாயமானதுதான், தண்ணீர் கொதிக்கும் நிலையை நெருங்கும் சூடல்லவா! ஆனால் இன்டெல் கோர் ஐ7-12700எச் ப்ராசஸருக்கு 100 டிகிரி, ஏஎம்டி ரைசன் 7 5800எச்-க்கு 105 டிகிரி என்று தயாரித்த நிறுவனங்களே உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வரம்பைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். அதற்கும் மேலே போனால் லேப்டாப் அணைந்துவிடும். சில்லு எரிந்துபோகும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆட்டம் நடுவில் திக்கித் திணறுவதும், ஃபேனும் பேட்டரியும் சீக்கிரம் தேய்வதுமே உண்மையான இழப்பு.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? மேலே சொன்ன இன்டெல் ப்ராசஸர் டர்போ எனும் கூடுதல் வேகத்தில் 115 வாட் வரை மின்சாரம் இழுக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். இங்கே அந்தச் சூடு முழுவதும் கட்டைவிரல் நகமளவு சில்லிலிருந்து கிளம்புகிறது. பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் சில்லும் தன் பங்குக்குக் காய்கிறது.

இந்தச் சூட்டை வெளியேற்றும் ஹீட் பைப் அழகான பொறி. தட்டையாக்கிய செப்புக் குழாய், உள்ளே துளி நீர். காற்றை உறிஞ்சி மூடியிருப்பதால் அந்த நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மறுமுனையிலுள்ள தகடுகளுக்கு ஓடிக் குளிர்ந்து நீராகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் அந்த நீரைத் திரும்ப இழுத்துவரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963-இல் ஜார்ஜ் குரோவர் இத்தகைய குழாயை உருவாக்கியபோது, விண்கலங்களில் பயன்படுத்துவதே நோக்கமாக இருந்தது.

தகடுகளைக் குளிர்விப்பது அறைக்காற்று. ஆகவே, 25 டிகிரி ஏசி அறையில் 82 காட்டும் ப்ராசஸர், சென்னையின் மே மாத மதியத்தில் 38 டிகிரி அறையில் அதே விளையாட்டுக்கு 95 காட்டினால் அது பழுதல்ல.

பழுது பெரும்பாலும் தூசியில் இருக்கிறது. அடிப்பக்க ஓட்டைகள் வழியே பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரியும். மூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால்தான், அதற்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் படிந்திருப்பது கண்ணில் படும். இடுக்கியால் பிடித்தால் ஒரே பட்டையாக உரிந்து வரும். காற்றடித்துச் சுத்தம் செய்கையில் ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் தாறுமாறாகச் சுழன்று பழுதாகக்கூடும். கூலிங் பேடுக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுவே.

சில்லின் சூட்டை ஹீட் பைப்புக்குக் கடத்த நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சுட்டால் பேஸ்ட்டைச் சந்தேகிக்கலாம். பேஸ்ட்டுக்குப் பதில் பூசும் லிக்விட் மெட்டல் சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்டும் ஆகும். பழகாதவர் தொடாமல் இருப்பதே நல்லது.

காசில்லாத வழிகளும் உண்டு. மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தலாம். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். விண்டோஸின் பவர் அமைப்பில் ப்ராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ நின்று, பல லேப்டாப்புகளில் 10 டிகிரிக்கு மேலேயே இறங்கும். கிராஃபிக்ஸையே அதிகம் நம்பும் விளையாட்டுகளில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் தற்காப்பு பேட்டரிக்குப் போதாது. முழு சார்ஜும் தொடர்ந்த சூடும் சேர்ந்தால் லித்தியம் அயான் பேட்டரி வேகமாக மூப்படையும், சில நேரம் உப்பும். டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி பிதுங்கினாலோ அதற்குமேல் ஒரு ஆட்டம்கூட வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.