துளையிட்ட அட்டைகள்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஓடைக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை நம் மாணவருள் பலர் கண்டிருப்பர். 18 மீட்டர் நீளமுள்ள அம்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் பரவியிருந்த இந்நிலத்தில் வீழ்ந்து மணலுள் புதைந்தது என்பர் நிலவியலார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை அறிஞர் உலகுக்கு அறிவித்தார். அரியலூர்ப் பக்கம் சென்றால், சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலே கல்லான சிப்பிகளும் நத்தைகளும் காலில் இடறும். அவற்றுக்கென வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமே உண்டு. காக்க வேண்டும் என்று எவரும் எண்ணாமலே மண் காத்துத் தந்த செல்வங்கள் இவை.

அத்தகைய மண்ணிலே வாழும் நாம், அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தந்த ஒரு பொறியின் வரலாற்றைத் தேடப் புகுந்தபோது நம் கைக்குக் கிடைத்தவை 43 அட்டைகள் மட்டுமே. சாத்தனூர் மரத்தைவிட அப்பொறி நமக்கு எத்துணையோ அண்மையது. ஆயினும் அது மறைந்த விரைவு வியப்பூட்டுகிறது.

கணிப்பொறி என்றவுடன் அறிவியலார் கூடமும் போர்த்துறை ஆய்வும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அலுவலகக் கணக்குக்கென்றே கணிப்பொறியை முதன்முதலில் கட்டியவர்கள் தேநீர்க் கடை நடத்தியவர்கள் என்றால் நம்புவதற்குச் சிறிது நேரம் ஆகும். இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்னும் நிறுவனம் நாடெங்கும் தேநீர்க் கடைகளும் இலண்டனில் பெரும் ரொட்டி அடுமனையும் நடத்தி வந்தது. சில்லறைக் காசில் நடக்கும் வணிகமாதலால் கணக்கு எழுதும் செலவே இலாபத்தைத் தின்றுவிடும் நிலை. 1947இல் அந்நிறுவன அலுவலர் இருவர் அமெரிக்கா சென்று மின்னணுப் பொறிகளைப் பற்றி விசாரித்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த விடை, உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பொறி உருவாகிறது, அங்கே கேளுங்கள் என்பதாகும். வீட்டில் இருப்பதைக் கடல் கடந்து சென்று தெரிந்துகொள்வது நமக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று போலும்!

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய எட்சாக் என்னும் பொறி 1949 மே மாதம் இயங்கியது. லயன்ஸ் அதற்குப் பொருளுதவி செய்து, அதனை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்னும் தன் பொறியைக் கட்டிக்கொண்டது. ஏறத்தாழ 6,000 வால்வுகள். நினைவகமாகப் பாதரசம் நிரப்பிய 64 குழல்கள். எண்களை ஒலித்துடிப்புகளாக்கிப் பாதரசத்தின் ஊடே ஓடவிட்டு, மறுமுனையில் பிடித்து மீண்டும் ஓடவிடுவார்கள். ஓட்டம் நின்றால் நினைவும் அழியும். 1951 நவம்பரில் ரொட்டி, பணியார உற்பத்தியின் மதிப்பை அது கணக்கிட்டது. பிறகு பணியாளர் சம்பளப் பட்டியல். ஓர் எழுத்தர் 8 நிமிடத்தில் போடும் ஒருவரது சம்பளக் கணக்கை லியோ 1½ விநாடியில் முடித்தது.

அந்த லியோ 1965 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னோடியான எட்சாக்கோ 1958இலேயே பிரித்தெறியப்பட்டிருந்தது. அக்காலத்து ஆங்கிலேயரும் பழைய பொறியை இரும்பாகவே பார்த்தனர். அதில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பின்னரே வந்தது. லியோவில் பணிபுரிந்தோர் தமக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டனர். அச்சங்கமும் கேம்பிரிட்ஜில் உள்ள கணிப்பொறி வரலாற்று மையமும் இணைந்து, மரபுப் பாதுகாப்புக்கான தேசிய லாட்டரி நிதியின் துணையோடு, சிதறிக் கிடந்த ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்தன. முதியோர் நினைவுகளைக் குரலாகவே பதிவு செய்தன. லியோ நின்ற அறையையே கணிப்பொறிக்குள் மாயத்தோற்றமாக மீண்டும் கட்டினர். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டால் இல்லாத அறைக்குள் நாம் நிற்கலாம். லியோவின் பின்வந்த வடிவமான லியோ 3இன் நிரல்கள் பழைய அச்சுத்தாள்களாக ஒருவர் வீட்டில் இருந்தன. தன்னார்வலர் அவற்றை வரி வரியாகத் தட்டச்சு செய்து, இன்றைய பொறியில் மீண்டும் இயக்கிக் காட்டினர். எட்சாக்கை மெய்யாகவே மறுபடி கட்டத் தொடங்கிய போதும் இத்தகையதொரு நிகழ்ச்சி நேர்ந்தது. ஆய்வகத்தில் எவருக்கும் வேண்டாமற் கிடந்த வரைபடங்களை அங்குப் பணியாற்றிய ஒருவர் எடுத்து வைத்திருந்தார். அவற்றுள் 19 படங்கள் 2014இல் வெளிப்பட்டன. பெரிய நிறுவனங்கள் தூக்கி எறிந்ததைத் தனிமனிதர் ஒருவரது பரண் காத்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து ஒரு பொறி வந்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் தாமே ஒன்றைக் கட்டி 1960இல் இயக்கினர். இவை ஆய்வுக்கு உரியவை. வணிகத்துக்கென வந்தது ஐ.பி.எம். 1401. அமெரிக்காவில் 1959இல் அறிவிக்கப்பட்ட அப்பொறி 1961இல் பம்பாய் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரயில்வேயின் மண்டலத் தலைமையகங்களுக்கும் நம் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் வந்து சேர்ந்தது. இவ்வரலாற்றையெல்லாம் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன் 2012இல் ஒரு நூலாகவே தொகுத்து அளித்துள்ளார்.

1401இன் திறனை இன்று கேட்டால் மாணவர் சிரிப்பர். அதன் மிகச் சிறிய வகையின் நினைவகம் 1,400 எழுத்துகளே கொள்ளும். பெரிய வகை 16,000. இக்கட்டுரை ஒன்றே அதன் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆயினும் நிமிடத்துக்கு 800 அட்டைகளைப் படித்து, 600 வரிகளை அச்சிட்டுத் தள்ளும். சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கட்டணக் கணக்குக்கும் அதுவே போதுமாயிற்று.

இங்கே அவை ஏன் எஞ்சவில்லை? இதற்குக் காரணம் நம் அலட்சியம் மட்டுமன்று. ஐ.பி.எம். நிறுவனம் பொறியை விற்பதினும் வாடகைக்கு விடுவதையே விரும்பியது. வாடகை வீட்டுச் சுவரில் எவர் சித்திரம் தீட்டுவார்? அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியருக்குப் பங்கு அளிக்க இசையாமல் அந்நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்திடம் வந்தது. புதியவை வர வர, பழையவை ஏலத்தில் எடைக்குப் போயின.

இந்நிலையில்தான் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவரைப் பற்றி நம் மாணவர் ஒருவர் வந்து சொன்னார். சென்னையில் பெரிய அலுவலகம் ஒன்றின் பொறி அறையில் பல ஆண்டுகள் அட்டை துளையிட்டவர் அவர். வெள்ளாற்றங்கரை ஊரிலே, பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, தனியே வாழ்கிறார். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு நான்கு முறை சென்றோம். செவி மந்தமாகிவிட்டது. கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினால் விடை மடைதிறந்தாற்போல் வரும்.

அட்டையின் மூலை ஒன்று ஏன் வெட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டோம். அடுக்கில் ஓர் அட்டை தலைகீழாக இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்து விடலாமாம். ஒருவர் துளையிட்ட அட்டைகளை இன்னொருவர் வேறொரு பொறியில் மறுபடியும் அதே போலத் தட்டுவார். இரண்டும் ஒத்தால் அட்டையின் வலப்பக்க ஓரத்தில் ஒரு வெட்டு விழும். ஒவ்வாவிட்டால் பிழையான இடத்தின் நேர்மேலே வெட்டு விழும். “நாலு பேர் சம்பளம் தம்பி, ஒரு ஓட்டை மாறினா ஒரு வீட்டுல அடுப்பு எரியாது” என்றார். எந்த நூலிலும் நாம் காணாத விளக்கம் இது.

இன்னொன்றும் சொன்னார். பொறி வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது வாயிற்கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று அதற்கு எதிராக முழக்கமிட்டவர்களுள் அவரும் ஒருவர். எழுத்தர் வேலையெல்லாம் போய்விடும் என்ற அச்சம் அந்நாளில் எங்கும் இருந்தது. கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கணிப்பொறியை நிறுவவிடாமல் ஊழியர் இரவு பகலாகக் காவல் இருந்ததும், இச்சிக்கலை ஆராய 1969இல் தாண்டேகர் தலைமையில் நடுவண் அரசு குழு அமைத்ததும் வரலாறு. “அப்புறம் என்னையே அந்த அறையில போட்டாங்க. பெரியத்தா கேட்டார், யாரைத் திட்டினியோ அது மடியிலேயே உக்காந்துக்கிட்டியா என்று” எனச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் சற்று நேரம் பேசவில்லை. பொறி வந்தபின் தம் பிரிவில் காலியான இடங்கள் நிரப்பப்படவில்லை என்றும், ஊரிலிருந்து வேலை கேட்டு வந்த தம்பி முறையினர் இருவரை வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்தது என்றும் பின்னர்க் கூறினார்.

லியோவைப் பற்றி நாம் படித்தவற்றுள் பெருமிதம் மிகுதி. அது தகும். ஆனால் நம் நாட்டில் ஒரு வணிகக் கணிப்பொறியின் அறையை என்றேனும் எண்ணிம வடிவில் மீண்டும் கட்டுவார்களாயின், அறைக்கு வெளியே வாயிலில் நின்ற கூட்டத்தையும் அதில் கட்டவேண்டும் என்பது நம் கருத்து. கூட்டம் இல்லாத அந்த அறை, விற்பனையாளர் காட்டும் விளம்பரப் படமாகவே இருக்கும்.

பொறியை மட்டும் கருதினால், 1401ஐ மீட்டெடுக்கும் பணி அமெரிக்காவில் நன்றாகவே முடிந்திருக்கிறது. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்னும் ஊரில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் பல்லாண்டு உழைத்து இரண்டு பொறிகளை உயிர்ப்பித்துள்ளனர். அவற்றுள் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. அது நம் நாட்டைப் போல் 50 சுழற்சி மின்சாரத்தில் இயங்குவது. அமெரிக்க மின்சாரமோ 60. அதற்கெனத் தனி மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. 1401 போலவே நடந்துகொள்ளும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. நம் கல்லூரிக் கணிப்பொறியிலும் அதனை இயக்கலாம்.

ஐஸ்லாந்து நாட்டுச் செய்தி இதனினும் நெஞ்சைத் தொடுவது. அங்கே 1964இல் வந்த 1401ஐப் பராமரித்த பொறியாளர் ஒருவர், பொறி இயங்கும்போது எழும் மின்காந்த அலைகளை வானொலிப் பெட்டி ஒன்று பிடிப்பதைக் கண்டு, நினைவகத்தை இசைபாடும்படி நிரல் எழுதினார். 1971இல் பொறிக்கு விடை கொடுத்தபோது அவ்விசையை இசைத்து வழியனுப்பினர். அவர் மகன் யோகான் யோகான்சன் அப்பதிவை அடிப்படையாக வைத்து 2006இல் ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார். நாம் இதனை எழுதிக் காட்டியபோது பெரியவர் நெடுநேரம் படித்தார். பிறகு விரல்களால் மேசைமேல் ஒரு தாளத்தைத் தட்டினார். அச்சுப்பொறி சம்பளச் சீட்டு அடிக்கும் ஓசை வேறாம், மாதக் கடைசியில் தொகைப் பட்டியல் அடிக்கும் ஓசை வேறாம். அடுத்த அறையில் இருந்தபடியே எது நடக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அத்தாளத்தையும் பதிவு செய்துகொண்டோம்.

நான்காம் முறை சென்றபோதுதான் அந்த 43 அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். எறியப்பட்ட அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோவது அக்காலத்து வழக்கமாம்; கெட்டியான நல்ல தாள். ஒவ்வோர் அட்டையிலும் 80 நிரைகள், 12 வரிசைகள். எண்ணுக்கு ஒரு துளை. ஆங்கில எழுத்தாயின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு. மாணவர் நால்வர் மூன்று மாலைகள் அமர்ந்து, துளை துளையாக எண்ணி எழுத்தாக்கினர். ஊழியர் எண், நாள் கணக்கு, இடம் போதாமல் பாதியில் அறுந்த பெயர்கள் எனப் படிப்படியாக வெளிவந்தன. கல்லில் சிப்பியைக் கண்ட மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அட்டைகளின் பின்புறத்தில் காலஞ்சென்ற அவர் மனைவியின் கையெழுத்து. துவரம்பருப்பு, மண்ணெண்ணெய், பால்காரர் பாக்கி. ஓர் அட்டையில் மகள் திருமணத்துக்கு அழைக்கவேண்டியவர்களின் பெயர்கள். எந்தப் பக்கத்தைப் படமெடுப்பது என்று மாணவர் கேட்டனர். இரண்டையும் எடுக்கச் சொன்னோம். 86 படங்கள் ஆயின. அட்டைகளைத் திருப்பித் தந்தபோது, அந்தத் திருமண அட்டையை மட்டும் தனியே பிரித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.